கிழவன் வேடத்து மீசை: ஒட்டி நிற்கவும் வேண்டும், ஒரே இழுப்பில் வரவும் வேண்டும்

பெண் தர மறுக்கும் தகப்பனிடம் காதலன் கிழவன் வேடம் போட்டுப் போவது எங்கள் மேடைக்குப் புதிதல்ல. நம்பிராசன் வரும் நேரத்தில் முருகன் நரைத்த கிழவனாகி நின்றதையும், வள்ளி ஒன்றும் தெரியாதவள் போல் நின்றதையும் கோயிலில் கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். அதையே சமூக நாடகமாக்கினால் இப்படி வரும்: "அந்தப் பொடியனுக்கு என்ர பிள்ளையைக் குடுக்கமாட்டன்" என்று தகப்பன் ஒற்றைக்காலில் நிற்கிறார். பொடியன் தானே தன் பெரியப்பாவாக மாறி, டொக்யாட்டில் (கடற்படைக் கப்பல் தளத்தில்) வேலை செய்த பென்சன்காரர் என்று சொல்லிக்கொண்டு, வெள்ளைக் கோட்டும் குடையுமாகப் படலையைத் திறக்கிறான். "வாங்கோ ஐயா, இருங்கோ" என்று தகப்பன் கதிரை போடுகிறார். குசினி வாசலில் பெட்டை சிரிப்பை அடக்குகிறாள். கடைசியில் மீசை கையோடு வருகிறது. திருகோணமலையில் டொக்யாட் 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் கையில் இருந்தது. அதனால் கதையை 1960களில் வைத்தால் இந்தப் பென்சன்காரரை ஒருவரும் சந்தேகிக்கமாட்டார்கள்.

இந்த நாடகத்தில் மீசைக்கு இரண்டு வேலை. முக்கால் மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். வசனம் வந்ததும் ஒரே இழுப்பில் வர வேண்டும். விற்பனையில் இருக்கும் எந்த மீசையும் இந்த இரண்டையும் தானாகச் செய்யாது. முடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒட்டும் பொருளும் ஒட்டும் முறையும்தான் தீர்மானிக்கின்றன. காசைப் பிரிக்கும்போது முதலில் பசைக்கும் அதைக் கழற்றும் திரவத்துக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் முடியைப் பாருங்கள்.

பான்சிக் கடையில் மட்டையில் வைத்து விற்கும் மீசையை முதலில் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் கடைசி நேரத்தில் எல்லாரும் அதைத்தான் வாங்குகிறார்கள். பின்பக்கத் தாளை உரித்தால் பிசின் இருக்கும். முடி செயற்கை, மேடை விளக்கில் மினுங்கும். அடித்துணி தடிப்பு என்பதால் மேலுதட்டின் வளைவோடு வளையாது. மூக்குக்குக் கீழே உள்ள பள்ளத்தைத் தொடாமல் பாலம் போட்டது போல நிற்கும். "ஆ" என்று வாயைத் திறந்தவுடன் இரண்டு நுனியும் எழும்பும். பிசின் ஒரு தடவைக்குத்தான், ஆகவே ஒத்திகையில் ஒட்டிப் பார்த்தால் அன்றோடு அதன் கதை முடிந்தது. ஒரு நிமிடம் வந்துபோகும் பொலிஸ்காரனுக்கோ தபால்காரனுக்கோ இது போதும். தகப்பனுக்கு எதிரே கதிரையில் இருந்து சம்பந்தம் பேசும் கிழவனுக்கு வாங்காதீர்கள்.

இரண்டாவது, கிரேப் கம்பளி. செம்மறியாட்டு மயிரை நூலோடு இறுக்கிச் சடையாகப் பின்னி, அளந்து விற்பது. ஒப்பனைக்காரர்கள் பல தலைமுறையாகப் பாவிக்கும் பொருள், இன்றைக்கும் விலைக்கு இதைவிட நல்லது இல்லை. சடையை அவிழ்த்தவுடன் சுருள் சுருளாக நிற்கும், அப்படியே ஒட்டினால் பஞ்சு வைத்தது போல் தெரியும். அவிழ்த்த துண்டை நனைத்து, ஒரு நுனியில் சிறு பாரம் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிட வேண்டும். முழுக்க நேராக வேண்டியதில்லை, மெல்லிய அலை நின்றால்தான் முகத்து முடி போல இருக்கும். வாடை காலத்தில், ஐப்பசி முதல் தை வரை, காற்றின் ஈரத்தில் சுருள் திரும்பி வரும். அந்த மாதங்களில் நீட்டிய முடியை மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள்.

நிறம் ஒன்று மட்டும் வாங்கினால் எப்படி ஒட்டினாலும் பொய்யாகவே தெரியும். வெள்ளை, சாம்பல், கொஞ்சம் மண்ணிறம் மூன்றும் வேண்டும். வெள்ளை இரண்டு பங்கு, சாம்பல் இரண்டு பங்கு, மண்ணிறம் ஒரு பங்கு என்று எடுத்து, அகலப் பல் சீப்பால் சேர்த்துச் சீவுங்கள். சீவும்போது கால் பங்கு வரை உதிரும், அதைக் கணக்கில் வைத்து வாங்க வேண்டும். மீசைக்கும் இரண்டு கிருதாவுக்கும் சடையில் ஒரு சாண் தாராளம்.

மூன்றாவது, வலைத்துணி மீசை. மெல்லிய வலையில் ஒவ்வொரு முடியாகக் கொக்கி ஊசியால் முடிச்சுப் போட்டுச் செய்வது. கைவேலை என்பதால் மற்ற இரண்டையும்விட விலை பல மடங்கு. ஆனால் முகத்தில் வைத்ததும் வலை தோலோடு கரைந்துவிடும், முன்வரிசையில் இருக்கிறவருக்கும் ஓரம் தெரியாது. துடைத்து வைத்தால் பல மேடைக்கு வரும். புதிதாக வந்த மீசையில் வலை முடியைத் தாண்டி அகலமாக நீட்டிக்கொண்டிருக்கும். சுற்றிவர 3, 4 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். முடிக்கு ஒட்டினாற்போல் வெட்டினால் வலை பிரிந்து முடிச்சுகள் கழரும், பசை வைக்கவும் இடம் இராது.

எங்கள் தீர்ப்பு இதுதான்: மீசைக்கு வலைத்துணி, கிருதாவுக்குக் கிரேப். இழுபடப்போவது மீசை மட்டும், ஆகவே காசை அதில் போடுங்கள். முழுத்தாடி வேண்டாம். நெஞ்சு வரை தாடி வைத்தவர் பென்சன்காரர் போலத் தெரியமாட்டார், சாமியார் போலத்தான் தெரிவார். மைக் சரியில்லாத திறந்த வெளியில் பின்வரிசைக்காரர் உதட்டைப் பார்த்துத்தான் பாதி வசனத்தைப் பிடிக்கிறார்கள், தாடி அதையும் மறைத்துவிடும். நெறியாளர் பிடிவாதமாகக் கேட்டால், நாடிக்குக் கீழிருந்து தொடங்கி ஓடு வேய்வது போல மேல்நோக்கி அடுக்க வேண்டும். கீழ் அடுக்கு கருமை, மேலே போகப் போக வெள்ளை.

இனிப் பசை. தேட வேண்டியது ஸ்பிரிட் கம், ஒப்பனைக்காரர் வழக்கில் மாஸ்டிக்ஸ். மரப்பிசினை அற்ககோலில் கரைத்தது. அற்ககோல் பறந்ததும் பிசின் இறுகித் தோலைப் பிடிக்கும். கிரையோலான், மேஹ்ரோன், பென் நை ஆகிய மூன்றின் பசையும் இந்த வேலைக்கு நம்பத் தகுந்தவை. கிரையோலான் 1945இல் பேர்லினில் தொடங்கிய நிறுவனம், அதன் ஒப்பனைச் சாமான் தொழில்முறை மேடைகளில் பரவலாகப் பாவனையில் உள்ளது. மீசையும் கிருதாவும் மட்டும் என்றால் மிகச் சிறிய போத்தலே ஒத்திகையோடு சேர்த்து மூன்று, நான்கு தடவைக்குக் காணும். பெரிய போத்தல் வாங்கி மூடியைத் திறந்து திறந்து வைத்தால் அற்ககோல் பறந்து பசை பாகாகிவிடும், அதன் பின் மெல்லிதாகப் பூச முடியாது. வாங்கும்போதே கழற்றும் திரவத்தையும் சேர்த்து வாங்குங்கள். தீப்பற்றும் திரவம் என்பதால் விமானத் தபாலில் இதற்குக் கட்டுப்பாடு உண்டு. இணையத்தில் எடுப்பதென்றால் மேடைக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவையுங்கள். அதே காரணத்துக்காக, ஒப்பனை அறையில் குத்துவிளக்கோ கற்பூரமோ எரியும் பக்கம் போத்தலைக் கொண்டுபோகக் கூடாது.

திரவ லேடெக்ஸ் மீசைக்கு ஆகாது. நடிகரின் சொந்த முடியைப் பிடித்துக்கொள்ளும், அமோனியா மணம் மூக்குக்குக் கீழே தாங்காது, லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவருக்கு ஆபத்து. சுப்பர் குளூ, சப்பாத்துப் பசை போன்றவற்றை முகத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. கழற்றும்போது தோலும் சேர்ந்து வரும்.

பசை வாங்கியதும் முதல் வேலை சோதனை. முழங்கையின் உட்பக்கம் ஒரு பொட்டு வைத்து 24 மணி நேரம் விடுங்கள். சிவந்தாலோ கடித்தாலோ அந்த நடிகருக்கு அந்தப் பசை இல்லை, இரு பக்கமும் ஒட்டும் விக் டேப்தான்.

ஒட்டும் நாளில் சவரம் காலையிலேயே முடிந்திருக்க வேண்டும். சவரம் எடுத்த சூட்டோடு பசை பட்டால் எரிந்து கண்ணீர் வரும். முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துவாயால் ஒற்றி, ஒட்டும் இடத்தை மட்டும் அற்ககோல் நனைத்த பஞ்சால் துடையுங்கள். இங்கே பலர் சறுக்குகிறார்கள். பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்திருக்கும். அது தோலில் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும், அதற்கு மேல் எந்தப் பசையும் நிற்காது. லேபலைப் பார்த்து, எண்ணெய் சேராத ஐசோபுரோபைல் அற்ககோலைக் கேட்டு வாங்குங்கள். முகப்பூச்சு, கிறீம், பவுடர் எல்லாம் பசைக்குப் பிறகு. பூசிய முகத்தில் ஒட்டினால் மீசை பூச்சோடு ஒட்டும், தோலோடு ஒட்டாது.

தூரிகையைப் போத்தல் கழுத்தில் வழித்துவிட்டு, ஒரே ஒரு மெல்லிய பூச்சு. தோலின் நிறம் தெரிய வேண்டும். பூசிய உடனே முடியை வைப்பதுதான் எல்லாரும் விடும் பிழை. ஈரப் பசையில் வைத்தால் முடி நீந்தும், பசை வலைக்கு மேலே ஏறி வெளிச்சத்தில் மினுங்கும். விரல் நுனியால் பசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். முதல் பத்து, பதினைந்து நொடி வழுக்கும். பிறகு விரலை எடுக்கும்போது சின்னதாக இழுக்கும். அரை நிமிடம் தாண்டியதும் விரலுக்கும் தோலுக்கும் இடையே சிலந்தி நூல் போல மெல்லிய இழைகள் எழும்பி அறும். அதுதான் நேரம். வலையை வைத்து, ஈரமாக்கிப் பிழிந்த துணியால் இருபது நொடி அழுத்துங்கள். வெறும் விரலால் அழுத்தினால் மீசை விரலோடு வந்துவிடும்.

வெக்கையான கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் ஒரு பூச்சு காணாது. கோட்டும் போட்டு விளக்கின் கீழே நிற்கும் நடிகருக்கு முதலில் வியர்ப்பது மேலுதடுதான். வியர்வை பிசினைக் கரைக்காது, ஆனால் பிசினுக்கும் தோலுக்கும் நடுவே சுரந்து அடியிலிருந்து தள்ளும். ஆகவே முதல் பூச்சை முழுக்கக் காயவிட்டு, அதன் மேல் இரண்டாவது பூச்சைப் போட்டு, இழை வந்ததும் ஒட்டுங்கள். காய்ந்த முதல் படலம் தோலை அடைத்து நிற்கும். மேடைக்கு அரை மணி நேரம் முன்புதான் ஒட்ட வேண்டும். ஒட்டிய பின் நடிகரை மின்விசிறிக்குக் கீழே இருத்துங்கள். பிடரியில் குளிர்ந்த ஈரத்துணி வைத்தால் முகம் ஆறும். வியர்த்தால் துடைக்கக் கூடாது, கடதாசித் துண்டால் ஒற்ற வேண்டும்.

கிருதாவுக்குக் கிரேப்பை விரலளவு கற்றைகளாக எடுத்து, நுனியைச் சரிவாக வெட்டி, காதுக்குக் கீழிருந்து மேல்நோக்கி மூன்று அடுக்காக வையுங்கள். ஒட்டி முடிந்த பின்தான் கத்தரிக்கோல். முதலில் வெட்டிவிட்டு ஒட்டினால் தூரிகை வைத்தது போல நுனி ஒரே மட்டமாக நிற்கும்.

இந்த வகை நாடகத்தில் தேத்தண்ணி வராத காட்சி இல்லை. ஆவி பறக்கும் தேத்தண்ணி மேலுதட்டுக்கு வந்தால் பிசின் இளகும், உதட்டைக் குவித்து உறிஞ்சும்போது நடுப்பகுதி கழரும். வெறுங்கோப்பை கொடுப்பது நல்லது. பாரம் தெரிய வேண்டுமென்றால் பாதி அளவு ஆறிய தண்ணீர். "சீனி காணுமோ ஐயா?" என்று பெட்டை கேட்கும் வசனத்தை நடிகர் குடிக்கப் போகும் இடத்தில் வைத்தால் கோப்பை உதட்டுக்குப் போகாமலே காட்சி நகரும், அவள் கேலியும் அங்கேயே விழும்.

இனி இழுக்கும் இடம். முழுக்கப் பசையால் ஒட்டிய மீசையை இழுத்தால் வலை கிழியும், நடிகரின் கண்ணில் தண்ணீர் வரும், சில வேளை பாதி மட்டும் வரும். அதனால் இங்கே பசையைக் குறைத்து டேப்பைக் கூட்ட வேண்டும். விக் டேப்பில் 5 மில்லிமீட்டர் அகலம், ஒன்றரைச் சென்ரிமீட்டர் நீளம் என்று இரண்டு துண்டு வெட்டி, மூக்குக்கு இரு புறமும் வலையின் அடியில் ஒட்டுங்கள். ஸ்பிரிட் கம் இரண்டு வெளி மூலைக்கு மட்டும், ஓர் உளுந்தளவு. மூலைதான் பேசும்போது எழும்பும் இடம், அங்கே மட்டும் பிசினின் பிடி வேண்டும். கச்சான் காலத்தில் இந்த மூலைகளுக்கும் டேப் படும் இடத்துக்கும் முன்பே காய்ந்த ஒரு பூச்சு இருக்கட்டும்.

இழுக்கிறவர் பிடிப்பதற்கு ஒரு காது தேவை. மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் மெல்லிய தங்கூசியில் (நைலோன் நூலில்) ஒரு சென்ரிமீட்டர் வளையம் செய்து, வலது மூலையின் வலையில் மூன்று தையல் போடுங்கள். முடிக்குள் மறைந்துவிடும், முன்வரிசைக்கும் தெரியாது. தகப்பன் வேடக்காரர் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அந்த வளையத்தைப் பிடிப்பார். பிடிப்பதோடு அவர் வேலை முடிந்தது. கழற்றுவது கிழவன்தான்: தலையை வலப்பக்கம் வெடுக்கெனத் திருப்ப, மீசை வலமிருந்து இடமாக, உதட்டை ஒட்டியபடியே உரிந்து தகப்பன் கையில் நிற்கும். நோவு எவ்வளவு என்பது படுகிறவருக்குத்தான் தெரியும், ஆகவே வேகம் அவர் கையில் இருக்க வேண்டும். முன்னோக்கி நேராக இழுத்தால் டேப்பின் முழுப் பிடியும் ஒரே நேரத்தில் எதிர்க்கும். பக்கவாட்டில் போனால் துண்டு துண்டாக விடும். உண்மை மீசையோடு ஆகக் குறைந்தது மூன்று ஒத்திகை பாருங்கள். ஒவ்வொரு முறையும் புது டேப்.

தகப்பன் வேடக்காரர் கையில் மீசையைப் பார்த்ததும் அவசரப்படக் கூடாது. சபை முதலில் மீசையைப் பார்க்க வேண்டும், பிறகு பொடியனின் வெறும் உதட்டை, அதன் பிறகுதான் தகப்பனின் முகத்தை. இந்த மூன்றுக்கும் நேரம் கொடுத்தால் சிரிப்பு மூன்று முறை வரும்.

மீசை மட்டும் நரைத்து மற்றதெல்லாம் இளமையாக இருந்தால் அத்தனை வேலையும் வீண். முதலில் காட்டிக்கொடுப்பது கரும் புருவம். தண்ணீரில் கரையும் வெள்ளைப் பூச்சைப் பழைய பல் தூரிகையில் எடுத்து, புருவ முடியை எதிர்த்திசையில் நீவினால் நரை விழும். தலைக்கு டல்கம் பவுடர் தூவாதீர்கள், கும்பிடக் குனிந்தால் புகை கிளம்பும். அதே பூச்சைக் காதோரம் போட்டால் போதும். புறங்கையும் கழுத்தும் மறந்துபோகும் இடங்கள். நரம்புகளுக்கு இடையே ஒரு நிழல் நிறம் தடவினால் கை முதிரும். மூக்குக்கண்ணாடியில் கண்ணாடித் தகட்டைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் விளக்கு அதில் விழுந்து கண்ணை மறைக்கும். பழைய கூத்துப் பெட்டியில் அரிதாரம் கிடைத்தால் முகத்தில் பூச வேண்டாம். மஞ்சள் நிறம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் அது ஆர்செனிக் கலந்த கனிமம்.

நாடகம் முடிந்ததும் கிருதாவை உரித்து எடுக்காதீர்கள். காதுப் பஞ்சுக்குச்சியைக் கழற்றும் திரவத்தில் நனைத்து மேல் ஓரத்தில் ஓட்டி, ஒரு நிமிடம் பொறுத்தால் தானாக விடும். மூக்குக்கும் கண்ணுக்கும் கிட்ட என்பதால் குச்சி சொட்டக் கூடாது. மிஞ்சிய பிசினுக்குத் தேங்காயெண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டுச் சவர்க்காரம் போடுங்கள். எண்ணெய் முகத்துக்குத்தான், வலைக்கு வேண்டாம். மீசையை வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைத்து, அற்ககோல் நனைத்த தூரிகையால் பின்பக்கத்திலிருந்து குத்திக் குத்தி எடுத்தால் பிசின் துணியில் இறங்கும். தேய்த்தால் முடிச்சு அவிழும். காய்ந்த பின் தட்டையாக மடித்து வைக்காதீர்கள். சிரட்டையின் வெளிவளைவில் வைத்து மெல்லிய துணிப்பட்டியால் கட்டி, டப்பாவில் போட்டு மூடுங்கள். அடுத்த மேடைக்கு எடுக்கும்போது மேலுதட்டின் வளைவு அதில் அப்படியே இருக்கும்.